அந்தப் பக்கத்தையும் எழுது

வெற்றிடத்துக்கு எவ்வளவு ஆற்றல் என்று கணக்குப் போடுவது என் தொழில். ஒரு குவாண்டம் புலத்தை எடுத்துக்கொள்வேன். அதற்கு எல்லைகள் வைப்பேன். புலம் தன் மிகத் தாழ்ந்த நிலையில் கிடக்கும்போது, அந்த எல்லையைச் சற்றே நகர்த்தினால் ஆற்றல் கூடுகிறதா குறைகிறதா, எவ்வளவு என்று பார்ப்பேன். இளவயதில் பிடித்துக்கொண்ட வேலை. தலை நரைத்த பிறகும் விடவில்லை. ஒரு கணக்கைக் குறியும் பெருக்கெண்ணும் பிசகாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இந்தக் கைக்குத் தெரியும். அந்தத் திறமையை என் ஆசிரியரிடமிருந்து வாங்கினேன். இப்போது கற்க வருகிறவர்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

புலம் என்றதும் மிரள வேண்டாம். கணக்குப் போடுகிறவனுக்குப் புலம் என்பது எண்ணற்ற அதிர்வுமுறைகளின், அதாவது மோடுகளின், கூட்டம். ஒவ்வொரு மோடும் தனித்தனி ஆஸிலேட்டர். குவாண்டம் விதிப்படி எந்த ஆஸிலேட்டரையும் முழுதாக நிறுத்த முடியாது. நிலையும் உந்தமும் ஒரே நேரத்தில் சுழியாக இருக்க இயற்கை அனுமதிப்பதில்லை. எவ்வளவு குளிர வைத்தாலும் அதன் அதிர்வெண்ணுக்குரிய குவாண்டத்தில் பாதி மிஞ்சும்; இதுதான் பூஜ்யப்புள்ளி ஆற்றல். இந்தப் பாதியை முதலில் எழுதியவர் மாக்ஸ் பிளாங்க், 1911-12 வாக்கில், தன் இரண்டாவது கதிர்வீச்சுக் கோட்பாட்டில். அது வெறும் ஏட்டு எண் இல்லை என்பதற்கு 1924-ல் ராபர்ட் மல்லிகன் சான்று காட்டினார். போரானின் இரண்டு ஐசோடோப்புகள் சேர்ந்த போரான் மோனாக்சைடின் நிறமாலைக் கோடுகளை ஒப்பிட்டார். அவற்றுக்கு இடையிலான விலகல் அந்தப் பாதியைச் சேர்த்தால்தான் பொருந்தியது. திரவ ஹீலியத்துடன் பழகுகிறவர்களுக்கு வேறு சான்றே தேவையில்லை. சாதாரண அழுத்தத்தில் ஹீலியத்தை எவ்வளவு குளிர வைத்தாலும் உறையாது. சுமார் 25 வளிமண்டல அழுத்தம் கொடுத்தால்தான் கட்டிப்படும். அணுக்களின் அந்த மீதி அசைவே அதை உறைய விடாமல் வைத்திருக்கிறது.

ஒரு மூலக்கூறு என்றால் பாதி குவாண்டத்தைச் சேர்த்துக்கொண்டு போய்விடலாம். புலத்தில் மோடுகளுக்கு முடிவே இல்லை. ஒவ்வொன்றிலும் பாதி என்றால் கூட்டுத்தொகை முடிவிலி. பாடப்புத்தகம் இதை இரண்டு வரியில் தீர்த்துவிடும்: நார்மல் ஆர்டரிங் செய், பாதிகள் எல்லாம் போய்விடும், வெற்றிடத்தின் ஆற்றல் சுழி. எல்லையில்லாத வெளியில் துகள்கள் மோதிச் சிதறுவதை மட்டும் கணக்கிடுகிறவருக்கு அது போதும்; அவர் ஆற்றல் வேறுபாடுகளைத்தான் அளக்கிறார். அந்த வெளியில் ஒரு சுவரை வைத்த நிமிடத்தில் எங்கள் வேலை தொடங்குகிறது. சுவர் வந்தால் மோடுகள் மாறும். மோடுகள் மாறினால் பாதிகளின் கூட்டுத்தொகை மாறும். ஒரு முடிவிலியிலிருந்து இன்னொரு முடிவிலியைக் கழித்து, மிஞ்சுகிற சின்னஞ்சிறு எண்ணைப் பிடிக்க வேண்டும்.

என் ஆசிரியர் சென்னையில் இருந்தவர். வெளியே பலருக்கு அவரைத் தெரியாது. கட்டுரைகளும் குறைவாகத்தான் வெளியிட்டார். ஆனால் அவர் கணக்கு எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வேறு பாடம் தேவைப்படாது. தாளின் தலையில் முதலில் மரபுகளை எழுதுவார்: காலத்துக்கு எந்தக் குறி, ஃபூரியே மாற்றத்தில் இரண்டு பை எந்தப் பக்கம், மின்புலத்துக்கு எந்த அலகு. இடது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் எதிரே அதன் பரிமாணத்தைக் குறிப்பார். எங்கள் துறையில் பிளாங்க் மாறிலியையும் ஒளிவேகத்தையும் ஒன்று என்று வைத்துக்கொண்டு எழுதுவது வழக்கம். அவர் கடைசி வரி வரை இரண்டையும் சுமந்துகொண்டே போவார். கழித்தல் குறியை மற்ற எழுத்துகளைவிட நீளமாகப் போடுவார். ஊகம் பென்சிலில், சரிபார்த்தது மையில். அடித்து எழுத வேண்டி வந்தால் அதே தாளில் திருத்தாமல், அடுத்த தாளை எடுத்து மேலிருந்து தொடங்குவார். அப்படித் தொடங்கும்போது கை வேகம் கூடாது. முதல் தடவை எழுதிய அதே நிதானம்தான்.

புதிதாக வருகிற எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே கணக்கு. ஒரு பரிமாணம், இரு முனையும் கட்டிய ஒரு நூல், அதன் மேல் ஒரு எளிய புலம். தாழ்ந்த நிலையின் ஆற்றலைக் கண்டுபிடி.

இதில் மோடுகள் ஒழுங்கானவை. அதிர்வெண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு அடிப்படை எண்ணின் மடங்குகள். அந்த அடிப்படை எண் நூலின் நீளத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். எனவே பாதிகளைக் கூட்டினால் முன்னே ஒரு காரணி, உள்ளே 1+2+3+4 என்று ஓயாமல் போகும் தொடர். படித்து வந்த பிள்ளைகள் இந்த இடத்தில் முகம் மலர்ந்து, தொடருக்கு மதிப்பு கழித்தல் பன்னிரண்டில் ஒன்று என்று எழுதிவிடுவார்கள். விடையும் சரியாக வரும்: ஆற்றல் எதிர்க்குறி, நூலின் நீளத்துக்குத் தலைகீழ் விகிதம், முன்னே பை வகுத்தல் 24. ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, 1913-ல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இந்த மதிப்பைக் குறிப்பிட்டிருந்தார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஆய்லரும் இதைத் தொட்டிருக்கிறார். ஸீட்டா சார்பின் வழியாக வருகிற நியாயமான மதிப்புதான்.

ஆசிரியர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "விடை சரிதான்ப்பா. அந்தப் பக்கம் எங்கே?" என்பார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. "நூலைக் கட்டியிருக்கிற முளைக்கு வெளியேயும் வெளி இருக்குதுல்ல? முளையை நகர்த்தினா உள்ளே மட்டுமா மாறும்? வெளியேயும்தான் மாறும். அந்தப் பக்கத்தை யார் எழுதுவா?" என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அடுத்த வாரம்தான் மறுபடி பேச்சு.

அந்தப் பக்கத்தை எழுதும் முறை இது. நீளமான ஒரு பெட்டி. நடுவே நகரக்கூடிய ஒரு தடுப்பு. தடுப்புக்கு இடப்பக்கம் சிறிய நீளம், வலப்பக்கம் மீதி நீளம் முழுதும். இரண்டு பக்கத்திலும் மோடுகளைக் கூட்டு. கூட்டும்போது அதிர்வெண் ஏற ஏற அடங்கிப்போகும் ஒரு காரணியைப் போடு. அதிவேக மோடுகள் தாமாக ஓய்ந்துவிடும். இதைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். இப்போது தொடர் முடிவுள்ளதாகிவிடும். அதை விரித்தால் முதலில் ஒரு பிரம்மாண்டமான உறுப்பு வரும். அடுத்து அதே கழித்தல் பன்னிரண்டில் ஒன்று. அதற்கப்பால் கட்-ஆஃபைத் தளர்த்தும்போது மறைகிற உறுப்புகள். அந்தப் பிரம்மாண்டமான உறுப்பை உற்றுப் பார்த்தால் அது நீளத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். இடப்பக்கத்தில் இடது நீளம், வலப்பக்கத்தில் வலது நீளம். இரண்டையும் கூட்டினால் பெட்டியின் முழு நீளம். தடுப்பு எங்கே நின்றாலும் அது மாறாது. ஆகவே தடுப்பின் மேல் அதனால் எந்த விசையும் இல்லை. மிஞ்சுவது பன்னிரண்டில் ஒன்று மட்டும். பெட்டியை மிகப் பெரிதாக்கினால் வலப்பக்கத்துப் பங்கும் தேய்ந்து போகும். தடுப்பு இடது சுவரை நோக்கி இழுக்கப்படுகிறது.

இதைத் தன் கையால் ஒருமுறை போட்டவருக்குப் பன்னிரண்டில் ஒன்று மந்திரமாகத் தெரியாது. முடிவிலி எங்கே போனது என்று அவர் காட்டிவிடுவார்: பெட்டியின் மொத்த நீளத்தோடு போயிற்று. ஸீட்டா முறை அந்தப் பெரிய உறுப்பைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. எளிய கணக்குகளில் அது சரியாகவே விழுங்குகிறது. புலத்துக்கு நிறை கொடுத்தாலோ எல்லையை வளைத்தாலோ அதை அப்படியே நம்பிப் போக முடியாது. குறுக்குவழி கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே தினமும் ஸீட்டாவைப் பயன்படுத்துகிறேன். நெடிய வழியில் ஒருமுறை நடந்தவர் கையில்தான் குறுக்குவழி பத்திரமாக இருக்கும்.

கட்-ஆஃபில் ஒரு பக்குவம் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு மாணவர் இருபக்கமும் எழுதினார், ஆனால் இருபக்கத்திலும் சமமான எண்ணிக்கையில் மோடுகளை எடுத்துக்கொண்டு நிறுத்தினார். இடப்பக்கம் ஆயிரம், வலப்பக்கம் ஆயிரம். விடை கன்னாபின்னாவென்று வந்தது. சிறிய பக்கத்தில் ஆயிரமாவது மோடு மிக வேகமாக அதிர்வது. பெரிய பக்கத்தில் ஆயிரமாவது மோடு மந்தமானது. நெய் வாங்கும்போது தூக்குவாளியோடு நிறுத்து, பிறகு காலி வாளியின் எடையைக் கழிப்பார்கள்; வேறொரு வாளியை நிறுத்துக் கழித்தால் நெய்யின் எடை கிடைக்குமா? வெட்ட வேண்டியது எண்ணிக்கையில் இல்லை, அதிர்வெண்ணில். அதற்குப் பௌதிகக் காரணமும் உண்டு. மெல்லிய தங்கத் தகடு கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் பெரும்பகுதியையும் அகச்சிவப்பையும் திருப்பி அனுப்பும். மிகக் குறுகிய அலைகள் அதை ஊடுருவிச் சென்றுவிடும். எக்ஸ் கதிருக்கு அது பெரிய தடை இல்லை. ஒரு மோடுக்குச் சுவர் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பது அதன் அதிர்வெண்தான், வரிசையில் அதன் இடம் அல்ல. மோடுகளைத் திடீரென்று ஒரு இடத்தில் அறுக்கவும் கூடாது. மெதுவாக அடங்க விட வேண்டும். அறுத்தால் அறுத்த இடத்தின் தள்ளாட்டம் விடையில் ஏறிவிடும்.

நூலிலிருந்து மூன்று பரிமாணத்துக்கு வந்தால் உண்மையான மின்காந்தப் புலம், உண்மையான இரண்டு உலோகத் தகடுகள். இது ஹென்ட்ரிக் காசிமிர் போட்ட கணக்கு. நெதர்லாந்தின் ஐந்தோவனில், பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் அவர் வேலை பார்த்தார். கேள்வி வந்த இடம் சுத்தமான தொழிற்சாலைச் சமாச்சாரம். அங்கே ஓவர்பேக் என்பவர் திரவத்தில் நுண்ணிய துகள்கள் மிதக்கும் கூழ்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். துகள்களுக்கு இடையேயான ஈர்ப்பு, தூரம் கூடும்போது கோட்பாடு சொன்னதைவிட வேகமாகக் குறைந்தது. காசிமிரும் அவருடைய சக ஆய்வாளர் போல்டரும் ஒளி போய்வர ஆகும் நேரத்தைக் கணக்கில் சேர்த்து அதைத் தீர்த்தார்கள். வழி நீளமானது, விடை அழகாகச் சுருங்கியிருந்தது. ஏன் இவ்வளவு எளிமை என்ற கேள்வி காசிமிரை விடவில்லை. கோபன்ஹேகனில் நீல்ஸ் போருடன் நடந்துகொண்டிருந்தபோது இதைச் சொல்ல, இது பூஜ்யப்புள்ளி ஆற்றலோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்று போர் முணுமுணுத்ததாகக் காசிமிரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவ்வளவுதான் துப்பு. 1948 மே மாதம் நெதர்லாந்து அகாதெமியில் அவர் சமர்ப்பித்த கட்டுரை மூன்றே பக்கம். எங்கள் தொழிலுக்கு வருகிற எவரும் அதைக் கையில் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் இடையிலுள்ள கணக்கைத் தாமே நிரப்பிப் பார்க்க வேண்டும். அதில் அவர் இரண்டு தகடுகளை மட்டும் அந்தரத்தில் நிறுத்தவில்லை. ஒரு பெரிய பெட்டி, அதற்குள் நகரக்கூடிய ஒரு தகடு. தகடு சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையும் நட்டநடுவில் இருக்கும் நிலையும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஆசிரியர் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட அந்தப் பக்கம், முதல் கட்டுரையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. தகடுகளுக்கு இடையே ஒவ்வொரு மோடுக்கும் இரண்டு போலரைசேஷன். தகடுகளுக்குக் குறுக்கே மாறாமலிருக்கும் சுழி மோடுக்கு மட்டும் ஒன்றுதான். இதை மறந்து எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிவிட்டு, கழித்தும் முடிவிலி போகவில்லையே என்று கலங்கி வந்தவர்கள் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது: மிச்சத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் உருவத்தைப் பாருங்கள். மிஞ்சியது இடைவெளிக்கு நேர் விகிதத்தில் இருந்தால் வெளிப்பக்கத்தைக் கழிக்கவில்லை என்று பொருள். தகட்டின் பரப்புக்கு மட்டும் விகிதமாக, இடைவெளியே தலைகாட்டாமல் இருந்தால் சுழி மோடை எண்ணியதில் பிசகு. சரியாக எண்ணினால் அந்தச் சுழி மோடின் அரைப்பங்கு, ஆய்லர்-மெக்லாரின் சூத்திரத்தின் முதல் அரை உறுப்போடு அச்சாகப் பொருந்தி மறையும். ஒளிப்புலத்துக்குப் பதில் எளிய ஸ்கேலார் புலத்தை எடுத்தால் பரப்புக்கு விகிதமான மிச்சம் நியாயமாகவே நிற்கும். அது ஒவ்வொரு தகட்டின் சொந்தச் சுமை, தகடுகள் நகர்ந்தாலும் மாறாதது. இப்படிப் பிழையின் உருவத்தைப் படிக்கப் பழகியவருக்குத் தப்பு விடையும் பயன்படும்.

எல்லாம் சரியாக வந்தால், ஒரு அலகுப் பரப்பின் மீதான ஈர்ப்பு: பை வர்க்கத்தை 240 ஆல் வகுத்து, இரண்டு பையால் வகுத்த பிளாங்க் மாறிலியாலும் ஒளிவேகத்தாலும் பெருக்கி, இடைவெளியின் நான்காம் அடுக்கால் வகுத்தது. மின்னூட்டம் அதில் எங்கும் இல்லை. உலோகம் எது என்பதும் இல்லை. ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் 1.3 மில்லிபாஸ்கல். இடைவெளியைப் பத்தில் ஒன்றாக்கினால் பத்தாயிரம் மடங்கு கூடி 13 பாஸ்கல். தாளில் ஒரு எண் வந்ததும் அதை இப்படி அன்றாட அலகில் மாற்றிப் பார்ப்பது ஆசிரியரின் கட்டாயம்.

அந்தக் காலத்தில் இதே கழித்தல் இன்னொரு இடத்திலும் நடந்தது. 1947-ல் ஷெல்டர் தீவு மாநாட்டில் ஹைட்ரஜன் அணுவில் லாம்ப் கண்டுபிடித்த சிறு விலகலைக் கேள்விப்பட்ட ஹான்ஸ் பெத்தே, ஸ்கெனெக்டடிக்குப் போகும் ரயிலில் அதைக் கணக்கிட்டுவிட்டார். கிடைத்தது 1040 மெகாஹெர்ட்ஸ். அளவீட்டுக்கு மிக அருகில். அணுவில் கட்டுண்ட எலக்ட்ரானின் சுய ஆற்றல் முடிவிலி. கட்டில்லாத எலக்ட்ரானுடையதும் முடிவிலி. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். பெத்தேயின் வேகத்தை வியப்பவர்கள் பலர். நான் வியப்பது, எதிலிருந்து எதைக் கழிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததை.

இரண்டு பக்கத்தில் ஒன்றை உள்ளுணர்வுக்கு விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காசிமிரின் வாழ்க்கையிலேயே பாடம் இருக்கிறது. 1953-ல் அவர் ஒரு எண்ணத்தை முன்வைத்தார். எலக்ட்ரானை ஒரு சின்ன உலோகக் கோள ஓடாக நினைத்துக்கொள்வோம். அதன் மின்னூட்டம் அதை உடைக்கப் பார்க்கும். தகடுகளை ஈர்க்கும் அதே வெற்றிட ஆற்றல் ஓட்டைச் சுருக்கி அதைத் தாங்கும். இரண்டும் சமன்படுவதிலிருந்து மின்னூட்டத்தின் மதிப்பே கிடைத்துவிடலாம். அருமையான எண்ணம். கோளக் கணக்கு கொடூரமானது. பெஸ்ஸல் சார்புகள், உள்ளே ஒரு தொடர், வெளியே ஒரு தொடர். திமோத்தி பாயர் அதை விடாமல் போட்டு 1968-ல் முடிவை வெளியிட்டார். குறி மாறியிருந்தது. ஆற்றல் நேர்க்குறி, ஓடு சுருங்கப் பார்க்கவில்லை, விரியப் பார்த்தது. காசிமிரின் எலக்ட்ரான் அத்தோடு முடிந்தது. பத்தாண்டுக்குள் வேறு வழிகளில் கணக்கிட்ட மற்றவர்களும் பாயரின் எண்ணையே அடைந்தார்கள். இந்தக் கணக்கில் கோளத்தின் உள்பக்கத்தை மட்டும் எடுத்தால் முடிவிலி ஒழியாது. வெளிப்பக்கத்தையும் சேர்த்தால்தான் உள்ளதும் வெளியதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒரு எண் மிஞ்சும். வெற்றிட ஆற்றலின் குறியை ஊகிக்கவே கூடாது என்று எங்கள் துறை கற்றுக்கொண்டது இந்தக் கோளத்தில்தான். நானும் இதை முழுதாகக் கையால் போட்டிருக்கிறேன். ஒரு மழைக்காலம் முழுதும் எடுத்தது. பெஸ்ஸல் சார்புகளின் சீரான விரிவை உறுப்பு உறுப்பாக எழுதி, ஒவ்வொரு மாலையும் அன்றைய பக்கத்தைப் பழைய பக்கத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். கணினி இருக்கும்போது எதற்கு என்று கேட்பார்கள். கணினி எண்ணைக் கொடுக்கும். எந்த உறுப்பு எதை அடித்தது என்பது கையில்தான் தெரியும்.

அளப்பவர்களின் வேலைக்கு முன் எங்கள் பொறுமை கொஞ்சம்தான். பிலிப்ஸிலேயே ஸ்பார்னே 1958-ல் தட்டையான உலோகத் தகடுகளை வைத்து அளந்தார். தூசி, மின்னூட்ட மிச்சம், தகடுகள் இணையாக நிற்காமை எல்லாம் சேர்ந்து பிழை விடையளவுக்கே இருந்தது. கோட்பாட்டுக்கு முரணில்லை என்று மட்டும் அவர் எழுதினார். அந்த நேர்மையை நான் மாணவர்களுக்குச் சொல்லாமல் விடுவதில்லை. நன்றாக அளக்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சியாட்டிலில் லாமரோ முறுக்கு ஊசலில், தங்கம் பூசிய தட்டையான தகட்டையும் கோள வளைவுள்ள வில்லையையும் பயன்படுத்தினார். வளைந்த பரப்புக்கு இணையாக நிறுத்தும் தொல்லை இல்லை. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் உமர் மொஹிதீனும் அனுஸ்ரீ ராயும் அணுவிசை நுண்ணோக்கியின் முனையில் உலோகம் பூசிய சிறு கோளத்தை ஒட்டி, 0.1 முதல் 0.9 மைக்ரோமீட்டர் வரை அளந்தார்கள். இணைத் தகடுகளிலேயே அளக்க இத்தாலியின் பதுவா குழுவுக்கு 2002-ல் தான் முடிந்தது. அவர்களோடு பேசிய பிறகு என் கணக்கில் இலட்சிய உலோகம் என்று எழுதும்போது கை தயங்குகிறது. அசல் தங்கத்துக்குக் கரடு உண்டு, வெப்பம் உண்டு, பரப்பில் திட்டுத்திட்டாக மின்னழுத்தம் உண்டு.

வெற்றிடத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று வருகிறவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் யாராவது வருகிறார்கள். சிலர் காசைப் போட்டுவிட்டு வருகிறார்கள். தாழ்ந்த நிலை என்றால் அதற்குக் கீழே படி இல்லை என்று அர்த்தம். எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தகடுகள் நெருங்கும்போது கொஞ்சம் வேலை கிடைக்கும், உண்மை. அவற்றை மறுபடி பிரிக்க அதே அளவு வேலை கொடுக்க வேண்டும். ஒரு சுற்றின் முடிவில் கையில் மிஞ்சுவது சுழி. இதை நம்பிப் பணம் போடாதீர்கள். கேட்கிறவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். தகடுகளின் ஈர்ப்பை அளந்துவிட்டதால் வெற்றிடத்தின் முழு ஆற்றலையும் அளந்துவிட்டதாக எண்ணக் கூடாது. அதே விசையை உலோகத்திலுள்ள மின்னூட்டங்களின் ஊசலாட்டத்திலிருந்தும் வருவிக்கலாம். லிஃப்ஷிட்ஸ் 1950-களில் அந்த வழியைத் திறந்தார். நாங்கள் அறிந்தது எப்போதும் வித்தியாசம்தான். முழு ஆற்றலை உணரக்கூடியது பொருள்களுக்கு எடை தருகிற ஈர்ப்பு விசை ஒன்றே. இயற்பியலாளர் பாலி தன் இளமையில் ஹாம்பர்க்கில் இதைப் போட்டுப் பார்த்து, பூஜ்யப்புள்ளி ஆற்றலுக்கு எடை இருந்தால் பிரபஞ்சத்தின் ஆரம் சந்திரன் வரைக்கும்கூட எட்டாது என்று சொன்னதாகச் சொல்வார்கள். பின்னாளில் திரும்பப் போட்டவர்களுக்கு அந்த ஆரம் 31 கிலோமீட்டர் வந்தது. இன்று வானியல் அளவீடுகள் சொல்லும் இருண்ட ஆற்றல் ஒரு கன மீட்டருக்கு ஒரு ஜூலில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. பிளாங்க் அளவில் கட்-ஆஃப் வைத்து எளிமையாகக் கூட்டினால் அதைவிடச் சுமார் 120 இலக்கம் பெரிய எண் வருகிறது. போசான்களுக்குக் கூட்டல் பாதி, ஃபெர்மியான்களுக்குக் கழித்தல் பாதி. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும் என்று மீச்சீர்மையை நம்பினார்கள். நாம் காணும் உலகில் அந்தச் சீர்மை முறிந்தே இருக்கிறது, அதனால் பாதிகள் பொருந்தவில்லை. இங்கே மட்டும் கழிப்பதற்கு அந்தப் பக்கம் நமக்குக் கிடைக்கவில்லை. இதற்கு யாரும் விடை கண்டுவிடவில்லை. விடை வைத்திருப்பதாகச் சொல்கிறவர்களிடம் கணக்கைக் கேளுங்கள்.

கற்க வருகிறவர்கள் அங்கே தொடங்க வேண்டாம். நூலில் தொடங்குங்கள். இருமுனையும் கட்டிய நூலை மேலே சொன்னபடி போட்டு முடித்தபின் இதைச் செய்யுங்கள்: ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை அவிழ்த்துவிட்டு, மோடுகளை மறுபடி எழுதுங்கள். இப்போது அவை அரை, ஒன்றரை, இரண்டரை என்று வரும். அதே கட்-ஆஃப், பெரிய உறுப்பு எங்கே போகிறது என்ற அதே விசாரணை, பிளாங்க் மாறிலியும் ஒளிவேகமும் கடைசி வரை. ஆற்றல் பை வகுத்தல் 48 என்று நேர்க்குறியோடு வர வேண்டும். இழுக்க வேண்டிய முனை தள்ளும். கழித்தல் குறி வந்தால் தாளைத் திருத்தாதீர்கள். புதுத் தாளை எடுத்து, மரபுகளிலிருந்து தொடங்குங்கள்.